கொத்தனார் எப்போது வருவார்

தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று கேட்கலாமா சார்? ஆதார் அட்டை கையில் இருக்கிறதா? அசலா? சரி. இல்லை, இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஏன் கேட்டேன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் மச்சான் வர இன்னும் நேரமாகும் என்றுதானே சொன்னீர்கள்? எங்கள் டோக்கனும் இப்போதைக்கு வருகிற மாதிரி தெரியவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸ் என்றாலே இப்படித்தான், உள்ளே சர்வர் படுத்துவிட்டதாம். இப்படி நகர்ந்து உட்காருங்கள், காற்றாடி இந்தப் பக்கம்தான் வீசுகிறது.

அதோ, ஜன்னலோர பெஞ்சில் ஒரு அம்மா இருக்கிறார்கள் பாருங்கள். பச்சைச் சேலை, மடியில் ஒயர் கூடை. தையல்நாயகி என்று பெயர். பக்கத்தில் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்பவர் அவர்கள் பிள்ளை, குணசேகர். அவர்கள் வீட்டைத்தான் நான் இன்றைக்கு வாங்குகிறேன். கல்கண்டார்கோட்டையில் இருக்கிறது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அவர்கள் வீட்டுக்காரர் கட்டியது. அவர் காலமாகிவிட்டார். இப்போது வீடு தாய்க்கும் பிள்ளைக்கும் பொது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

வீட்டை விற்கிறோம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம் சார்.

நான் ஏமாற்றுக்காரன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் இதுவரை நான் ஒரு பொய் சொன்னதில்லை. ஒவ்வொரு பேச்சாக எடுத்து வைத்து யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூட இல்லை. இருந்தும் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று எனக்கே விளங்காததால்தான் உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாத ஆளிடம் சொல்வது சுலபம்.

நாங்கள் நியூசிலாந்தில் இருந்தோம். ஒரு பால் கம்பெனியில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடம்தான் திரும்பினோம். பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள். எனக்கும் என் மனைவி வானதிக்கும் இனி திருச்சிதான் என்று முடிவாயிற்று. ஏன் வந்துவிட்டீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறேன். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான்.

அங்கே வீடு வாங்குகிற விதமே வேறு சார். கையெழுத்துக்கு முன்னால் வீட்டைச் சோதிக்க வேண்டும். அதற்கென்றே ஆள் இருக்கிறான். கூரைக்குள் ஏறுவான், தரைக்கு அடியில் படுத்து ஊர்வான், சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பான். பிறகு சாவி கைக்கு வருவதற்கு முன்னால் நாம் இன்னொரு தடவை போய், எல்லாம் பேசினபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். இங்கே யார் அப்படிப் பார்க்கிறார்கள்? வாசல் எந்தத் திசை, தண்ணீர் உப்பா, வில்லங்கம் உண்டா. அதோடு சரி. சுவரைத் தட்டினால் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லைக் காட்டச் சொன்ன மாதிரி.

எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. டேப், டார்ச், ஒரு கோலிக்குண்டு. இந்த மூன்றும் இல்லாமல் நான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. கோலிக்குண்டு எதற்கு என்கிறீர்களா? தரையில் வைத்தால் வாட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கட்டட வேலை பழகியவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதுதான் தெரியும்.

முதல் தடவை போனபோது குணசேகர் வாசலில் நின்றார். “அம்மா உள்ள இருக்காங்க சார். நீங்க பாட்டுக்குப் பாருங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் கூடத்தின் நடுவில் கோலியை வைத்தேன். அது யோசித்து யோசித்து உருண்டு வடக்கு மூலையில் போய் நின்றது. குனிந்து எடுக்கும்போது அந்த அம்மா சமையலறையிலிருந்து வந்தார்கள், கையில் கரண்டி. என்னைப் பார்த்தார்கள், கோலியைப் பார்த்தார்கள், டார்ச்சைப் பார்த்தார்கள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது சார்.

“குணா, ஒருவழியா ஆளைக் கூட்டிட்டு வந்துட்டியா” என்றார்கள். “எத்தனை மழைக்காலமா சொல்லிட்டிருக்கேன்.”

நான் குணசேகரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமாம்மா. இன்ஜினியர் சார்” என்றார்.

“வாங்க தம்பி. கரெக்டா கண்டுபிடிச்சுட்டீங்க. அந்த மூலைதான். கழுவிவிட்டா தண்ணி அங்கதான் போய் உக்காந்துக்கும்.”

நடந்தது இவ்வளவுதான். வீடு வாங்க வருகிற எவனும் கோலி உருட்டிப் பார்ப்பதை அவர்கள் கண்டதில்லை. ரிப்பேருக்கு வந்தவன் என்றுதான் நினைப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒரு நேரம் இருந்தது. கோலியைத் துடைத்துப் பையில் போடுகிற நேரம். நான் நன்றாகத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டைக் காட்டினார்கள் பாருங்கள். எந்த நாட்டிலும் எவனும் அப்படி ஒரு வீட்டைக் காட்டியிருக்க மாட்டான். பிள்ளை என்னை நல்ல இடமாகப் பார்த்து இழுக்கிறார், தாய் ஓட்டையாகப் பார்த்து இழுக்கிறார்கள். குணசேகர், “சார், இந்தக் கதவு தேக்கு” என்பார். “தேக்குதான், மழையில ஊதிக்கும், இடுப்பால தள்ளணும்” என்பார்கள் இவர்கள். “கிணத்துல எந்தக் கோடையிலயும் தண்ணி வத்தாது சார்” என்பார் அவர். “வத்தாது, மோட்டார்தான் வேலை செய்யாது” என்பார்கள் இவர்கள்.

உள்ளறையில் ஒரு பீரோ. அதன் முன்னால் குணசேகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பீரோவைத் தள்ளுடா” என்றார்கள்.

“அம்மா, அதெல்லாம் சார் பார்த்துக்குவார்.”

“எப்படிப் பார்ப்பார்? நீதான் போன வாரம் வந்து கூடத்துல இருந்த இதை இங்க இழுத்து வச்சுட்டுப் போனே. எதுக்குன்னு கேட்டா கூடம் பெருசா தெரியும்னு சொல்றே. தள்ளு.”

தள்ளினார். பின்னால் சுவர் முழுக்கக் கரையான். மண் கோடு கோடாக ஏறி மேலே பரண் வரைக்கும் போயிருக்கிறது. குணசேகருக்கு முகம் செத்துவிட்டது. அந்த அம்மா என் கையிலிருந்த டார்ச்சைத் தானே பிடித்து அந்த இடத்தில் திருப்பினார்கள். “இன்னும் மேல பாருங்க தம்பி. அங்கதான் ஜாஸ்தி” என்றார்கள்.

பின்பக்கச் சுவரில் ஒரு விரிசல். சிமெண்டு அப்பி மூடியிருந்தது, ஆறாத புண்ணில் மாவைப் பூசின மாதிரி. “இது எங்க வீட்டுக்காரர் பூசினது” என்றார்கள். “அவருக்குப் பூசத் தெரியாது. ஆனா பூசுவார்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்கு அந்த வீடு பிடித்துப்போய்விட்டது சார். உண்மையாகச் சொல்கிறேன். கரையானோடு சேர்த்துப் பிடித்துப்போய்விட்டது.

பிறகு குளியலறைக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே இறங்க ஒரு படி, முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. “இங்கதான் விழுந்தேன். இதுல கையால பிடிச்சுக்க ஒரு கம்பி வேணும். பளபளன்னு வேணாம், வழுக்கும். சாதாரணக் கம்பி போதும்.” மேற்கு ஜன்னல் பெயிண்டு அடித்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, அதைத் திறந்துவிட வேண்டும், அடுப்படியில் புழுக்கம் தாங்கவில்லை. கழிப்பறை கொல்லையில் இருக்கிறது, முட்டி மடங்கவில்லை, உள்ளே உட்காருகிற மாதிரி ஒன்று. சமையல் மேடையை இவ்வளவு தாழ்த்த வேண்டும். எவ்வளவு என்று கையை வைத்துக் காட்டினார்கள். நான் டேப்பை இழுத்து, அவர்கள் கை இருந்த உயரத்தை அளந்தேன். அளந்ததைச் செல்போனில் குறித்துக்கொண்டேன்.

ஏன் அளந்தேன் என்கிறீர்களா? அவர்கள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அளக்காமல் எப்படி நிற்பது?

வெளியே வந்ததும் குணசேகர் விலையைக் குறைத்துச் சொன்னார். நான் கேட்கவே இல்லை சார். வாயைத் திறக்கவில்லை. “அதான் எல்லாத்தையும் பார்த்துட்டீங்களே” என்று அவரே இறங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்வது மரியாதையாக இருக்காது.

நீங்கள் அந்த மனிதரைப் பார்க்கிற பார்வை தெரிகிறது. வேண்டாம் சார், அவர் கெட்டவர் இல்லை. டீக்கடையில் நிறுத்தி எல்லாம் சொன்னார். போன ஐப்பசியில் அந்த அம்மா அந்தப் படியில் விழுந்திருக்கிறார்கள். பால் பாக்கெட் போடுகிற பெண் வந்து சத்தம் கேட்டு கதவை உடைக்காத குறையாகத் திறந்து தூக்கியிருக்கிறாள். அதுவரை தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். இவருக்கு ஓசூரில் வேலை, மனைவிக்கும் வேலை. எத்தனையோ தடவை கூப்பிட்டாகிவிட்டது. வர மாட்டேன் என்கிறார்கள்.

“விக்கப்போறேன்னு சொன்னா நிலைப்படியைக் கட்டிப் பிடிச்சுக்குவாங்க சார். ரிப்பேர் நடக்குது, தூசின்னு சொன்னா கிளம்பி வருவாங்க. வந்து பிள்ளைங்களோட பழகிட்டா அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்.”

“எப்போ சொல்வீங்க?” என்றேன்.

“சீக்கிரம் சார்” என்றார்.

அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வயதானவர்களிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துக்கொண்டிருக்க முடியாது. என் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தில்லைநகரில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவேன். “எப்போடா வர்றே?” என்பார்கள். “சீக்கிரம் வந்துடறேம்மா” என்பேன். அந்த ஒரு வார்த்தையில் அவர்களுக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் ஓடிவிடும். அதற்கு மேல் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசி வரைக்கும் கேட்கவில்லை. நல்ல வார்த்தை ஒன்று போதும் சார் அவர்களுக்கு. நாம்தான் பெரிது பண்ணுகிறோம்.

வானதி அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, ஜன்னல், மேடை. அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தம்மா உங்களை யாருன்னு நினைச்சாங்க?”

“ரிப்பேர் பண்ண வந்த இன்ஜினியர்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை.”

“அது உங்களுக்கு நல்லா வரும்” என்றாள்.

அப்படித்தான் குத்துவாள். எதை நினைத்துச் சொல்கிறாள் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். வீட்டைப் பார்க்க ஒருதடவைகூட அவள் வரவில்லை. போட்டோ காட்டினால் பார்க்கிறாள். அந்த மேற்கு ஜன்னல் போட்டோவை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் இரண்டாவது தடவை போனேன். கையெழுத்துக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை. வீடு காலியாக இருக்க வேண்டும் என்று குணசேகரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். காலி வீட்டில்தான் குறை தெரியும். போனால் காலியாக இல்லை சார். கட்டில், பீரோ, கிரைண்டர், தையல் மிஷின், எல்லாம் அங்கங்கே இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பழைய சேலையைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். மூக்கும் முழியும் தெரியாமல் கூடம் நிறைய யார் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

“தூசி படக் கூடாதுல்ல, அதான் மூடிட்டேன்” என்றார்கள். “வேலையாளுங்க கிரைண்டர் மேல ஏறி நிப்பாங்க தம்பி. நிக்காம பார்த்துக்குங்க. கல்லு ஒரு பக்கமா சாய்ஞ்சுடும்.”

குணசேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா ஊருக்குக் கிளம்பினதும் பழைய சாமான்காரன் வந்து எல்லாத்தையும் தூக்கிடுவான் சார், உங்களுக்கு வீடு சுத்தமா கிடைக்கும்” என்றார். நான் தலையாட்டினேன். கிரைண்டரை மட்டும் அப்படியே விடச் சொன்னேன். விலைக்குத்தான், இலவசமாக இல்லை. அதாவது, அவர்கள் பார்த்துக்கொள்ளச் சொன்னதைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

கிளம்பும்போது, “கொஞ்சம் இருங்க தம்பி, உங்க அளவு டேப்பைக் குடுங்க” என்றார்கள். கொடுத்தேன். சாமி அலமாரிக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வரும்போது டேப்பின் மேல் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். வேலை தொடங்குகிறவனுக்குக் கொடுக்க வேண்டியது.

“கொத்தனாருக்குத்தான் குடுக்கணும். அவர் எப்போ வர்றாரோ, நான் இருக்க மாட்டேன். நீங்களே வாங்கிக்குங்க.”

வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கினேன். “பொங்கலுக்குள்ள முடிஞ்சுடுமா?” என்றார்கள். “பார்க்கலாம்மா” என்றேன். பார்க்கலாம் என்பது பொய் இல்லையே சார்? அது எந்தப் பக்கமும் சாயாத வார்த்தை.

டேப் இதோ பையில்தான் இருக்கிறது. துடைக்கவில்லை. துடைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, யாரிடம் கேட்பது? வாழைப்பழத்தை வானதி தொடவில்லை. வெற்றிலை ஃபிரிட்ஜிலேயே கறுத்துவிட்டது.

போய்ச் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. யோசிக்காமல் இல்லை. ஆனால் அது பிள்ளை சொல்ல வேண்டியது சார். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் மூன்றாவது மனிதன் நுழையலாமா? சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடுவேன். விழுந்தால் தூக்குவது யார்? அவர்தானே?

வேறு வீடு பார்க்கலாம். பார்க்கலாம்தான். நான் விட்டால் இன்னொருவன் வாங்குவான். வாங்கினவுடனே இடிப்பான், அந்தத் தெருவில் எல்லாமே அப்படித்தான் மாடி மாடியாக எழும்பிக்கொண்டிருக்கிறது. நான் இடிக்க மாட்டேன். அவர்கள் கேட்ட எல்லாவற்றையும் செய்யப் போகிறேன் சார். ஒன்று விடாமல். படியில் கம்பி, பளபளப்பில்லாத சாதாரணக் கம்பி. ஜன்னல். உள்ளே உட்காருகிற மாதிரி கழிப்பறை. மேடையைக்கூட அவர்கள் கை காட்டிய உயரத்துக்கே தாழ்த்தச் சொல்லிவிட்டேன். வானதிக்கு அது ரொம்பத் தாழ்வு, குனிந்துதான் சமைக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை. ஒருத்தர் மனசு குளிர்வதற்காகச் செய்கிறோம் என்றால் கொஞ்சம் குனியத்தான் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. யாரும் எதையும் மறைக்கவில்லை. பத்திரம் தமிழில்தான் அடித்திருக்கிறது. அவர்கள் கையில்தான் கொடுத்திருக்கிறோம். எட்டாவது வரை படித்தவர்கள், தினமும் பேப்பர் படிக்கிறவர்கள். அப்பா பேரிலிருந்து மாற்றினால்தான் ரிப்பேருக்கு அனுமதி கிடைக்கும் என்று பிள்ளை சொல்லியிருக்கிறார். இன்ஜினியரும் கூட உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். அது அவர் வாய். உள்ளே போனால் அதிகாரி நேரடியாகவே கேட்பார், சம்மதித்துத்தான் செய்கிறீர்களா என்று. அப்போது அவர்கள் சொல்வதுதான் முடிவு. பத்திரம் எழுதுகிறவர் காலையில் அவர்களிடம் வந்து, “உள்ள என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க பாட்டி, போதும்” என்றார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்து, “உன் பேரு கழுதையான்னு கேட்டாலுமா?” என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பாருங்கள், அவ்வளவு விவரமானவர்கள். அவர்களை யார் ஏமாற்ற முடியும்?

இருங்கள் சார். கையைக் காட்டுகிறார்கள். என்னைத்தான். ஒரு நிமிடம், என் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டேன். பை இருக்கிறதா? ரொம்ப நன்றி.

குணசேகர் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்திரத்தை என் கையில் கொடுத்தார்கள் சார்.

“மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள்ள போயிடுச்சு தம்பி. துணிக்கு அடியில வச்சுக் கட்டிட்டேன். இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. குணா படிச்சா எக்ஸ்பிரஸ் மாதிரி போறான், ஒண்ணும் புரியலை. நீங்கன்னா நிறுத்திப் படிப்பீங்க.”

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம் சார். அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ். வகுப்பில் பாடத்தைச் சத்தமாக வாசிக்க வாத்தியார் என்னைத்தான் எழுப்புவார். இத்தனை வருடம் வெளியே இருந்தும் தமிழில் ஒரு எழுத்து எனக்குத் தடுக்காது. முதல் பக்கத்தில் மேலேயே போட்டிருக்கிறது, கிரயப் பத்திரம் என்று, இவ்வளவு பெரிய எழுத்தில். அதை வாசித்திருந்தால் போதும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதுகூட இல்லை. வாசித்தால் போதும்.

பக்கத்தைத் திருப்பினேன். இன்னொரு பக்கம். கடைசியில் சொத்து விவரம் வந்தது. அங்கிருந்து வாசித்தேன். கிழக்கே பன்னீர்செல்வம் மனை, மேற்கே பொதுப் பாதை, வடக்கே அந்தோணிசாமி வீடு என்று. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஒவ்வொரு எல்லைக்கும் தலை அந்தந்தப் பக்கம் திரும்பியது. வீட்டுக்குள் நிற்கிற மாதிரியே.

“கிணத்தை விட்டுட்டானா?”

“இல்லம்மா, இருக்கு. ‘மேற்படி மனையில் உள்ள கிணறும், மோட்டாரும், தென்னை மரமும், கதவு, நிலை, ஜன்னல்களும் உள்பட.’”

“ஜன்னலுமா?” கண்ணைத் திறந்தார்கள். “அந்த ஜன்னல்தான் திறக்கலையே, அதை எதுக்கு எழுதினான்?” சிரித்தார்கள். “எழுதட்டும். எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க படிச்சா நிம்மதியா இருக்கு தம்பி.”

நான் வாசித்ததில் ஒரு எழுத்து பொய் இல்லை சார். நீங்கள் வேண்டுமானால் பத்திரத்தை வைத்து ஒத்துப் பாருங்கள்.

பிறகு கேட்டார்கள். “கொத்தனார் எப்போ வருவார்?”

“சீக்கிரம் வந்துடுவார்மா” என்றேன்.

கொத்தனார் வரத்தான் போகிறார். பேசி வைத்திருக்கிறேன், வருகிற வாரம் வருகிறார். அப்படிப் பார்த்தால் இதுவும் பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்னதும் என் குரல் எனக்கே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிற மாதிரி. விடுங்கள். என்னவோ ஒரு நினைப்பு.

ஒயர் கூடைக்குள் கையை விட்டு இதை எடுத்துக் கொடுத்தார்கள். சாவி. கொல்லைக் கதவுச் சாவி. “குணாகிட்ட குடுத்தா தொலைச்சுடுவான். நீங்களே வச்சுக்குங்க. கொத்தனார் வந்தா கொல்லைப் பக்கமா விடுங்க, முன்வாசல்ல மண்ணு சேரும். வேலை முடிஞ்சதும் என் கையிலயே குடுத்துடுங்க.”

“சரிங்கம்மா” என்றேன்.

நியூசிலாந்தில் வீடு வாங்கினபோது சாவியை ஒரு உறையில் போட்டு வக்கீல் ஆபீஸில் கொடுத்தார்கள். விற்றவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அது ஒரு நல்ல ஏற்பாடு. தொட்டுப் பாருங்கள் சார், இன்னும் சூடாக இருக்கிறது. இத்தனை நேரம் கைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள்.

சர்வர் வந்துவிட்டது போல. எங்கள் நம்பர்தான் எரிகிறது. குணசேகரும் வந்துவிட்டார்.

அந்த ஆதார் விஷயம் சார். சாட்சி ஒன்று குறைகிறது. ஒரு சாட்சி குணசேகரின் கூட்டாளி. இன்னொன்று வானதி போடுவதாக இருந்தது. புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். காலையில் கிளம்பும்போது தலைவலி என்று படுத்துவிட்டாள். அவளுக்கு அடிக்கடி வரும். வாசலில் நிற்கிற யாரையாவது கூப்பிட்டால் வந்து போட்டுவிடுவார்கள், அது ஒரு கஷ்டமே இல்லை. ஆனால் எனக்கு என்னவோ, விஷயம் முழுக்கத் தெரிந்த ஒருவர் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருவர் கையெழுத்துப் போட்டால், அப்படி ஒன்றும் பெரிய தப்பில்லை என்றுதானே அர்த்தம்? உங்களைப் பார்த்ததும் தோன்றியது, நிதானமான மனிதர் என்று. அதனால்தான் முதலிலேயே கேட்டேன்.

எழுந்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி சார். எனக்குத் தெரியும், நீங்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டீர்கள். அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் இந்தப் பக்கம்.

சார், இந்தப் பக்கம். அது அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற பக்கம்.

சார்.